ஆப்பிரிக்கக் கண்டமும் நாமும்

(வெள்ளி விழாவையொட்டி இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் முதல் தலைமுறையாகப் பள்ளி வாயிலை மிதித்த நம் பிள்ளைகளுக்குத் துணைநின்ற இக்கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நமக்கும் அக்கண்டத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். நம் வயலிலும் தொடர்பு உண்டு. நம் முன்னோர் வரலாற்றிலும் உண்டு.

முதலில் நிலத்தைக் காண்போம். ஆப்பிரிக்கா ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு பெரியது. 54 நாடுகளில் 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். வடக்கே சகாராப் பாலை. நடுவே காங்கோ ஆற்றங்கரையின் மழைக்காடு. கிழக்கே உயர்ந்த மேட்டுநிலம். ஆயிரத்திற்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே வழங்குகின்றன. இத்துணை வேறுபாடுடைய நிலத்தை ஐரோப்பியர் 'இருண்ட கண்டம்' என்று ஒரே சொல்லில் அடக்கினர். பிறர் இட்ட இழிபெயரைச் சுமப்பது எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

அடுத்து வாணிகம். நாம் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக்கொட்டை தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. அதே ஆலைகளுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்தும் மணிலா சென்றது. இங்கே களை பறித்தவளும் அங்கே களை பறித்தவளும் ஒருவரையொருவர் அறியார். இருவரின் விளைச்சலுக்கும் விலை வைத்தவர் வேறெங்கோ இருந்தார். பின்னாளில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி.1 என்னும் இரகம், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 'சலூம்' என்ற வித்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே ஆகும்.

இனி அரசியல். 1884ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லின் நகரில் ஒரு மாநாடு கூடியது. ஆப்பிரிக்க நிலத்தையும் ஆறுகளையும் எவ்விதிப்படி கைக்கொள்வது என்று 14 வல்லரசுகள் 1885 பிப்ரவரி வரை பேசின. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அங்கே அமரவில்லை. அதன்பின் முப்பதே ஆண்டுகளில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் நீங்கலாக ஏறத்தாழக் கண்டம் முழுவதும் பங்கிடப்பட்டது. ஓரினத்தார் பல நாடுகளாகப் பிரிக்கப்பட்டனர். பல இனத்தார் ஒரே எல்லைக்குள் அடைக்கப்பட்டனர். அவ்வெல்லைகளால் எழுந்த பூசல்கள் இன்றும் தீர்ந்தபாடில்லை.

அந்நாளில் நம்மவர் எங்கிருந்தனர்? 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து சென்ற கூலிகளை நேட்டாலின் டர்பன் துறையில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை இலட்சம் பேர் இந்தியாவிலிருந்து அவ்வாறு சென்றனர். அவர்களுள் மூன்றில் இருவர் சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டத்தார் அவர்களுள் மிகப் பலர். கப்பல் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றுடன் சாதியும் எழுதப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் 10 ஷில்லிங் கூலி, கரும்புத் தோட்டத்தில் வேலை. தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று படித்தறிய அவர்களுள் பெரும்பாலோருக்கு இயலவில்லை. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியோர்மீது விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 3 பவுன் வரி, 1913இல் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னரே, 1914இல் நீக்கப்பட்டது.

அதே ஆப்பிரிக்காவுக்குச் சென்ற மற்றொருவரையும் நினைவுகூர்வோம். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1900இல் கடல் கடந்த அவர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்து, நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் தாயகம் திரும்பினார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொணர்ந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்களுடன் நம் பேராளராக வீற்றிருந்தார்.

பெர்லினையும் இலண்டனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே ஆப்பிரிக்கர் இல்லாமலே அவர்தம் தலைவிதி எழுதப்பட்டது. இங்கே நம்மவர் இருவர் அமர்ந்து நம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தனர். அவர்களை அந்த மேசைக்குக் கொண்டு சென்றது கல்வி.

ஆப்பிரிக்காவும் எழுந்தது. 1957இல் கானா விடுதலை பெற்றது. 1960 என்னும் ஒரே ஆண்டில் 17 நாடுகள் விடுதலை கண்டன. தென்னாப்பிரிக்காவில் 1994இல் நிறவெறி ஆட்சி ஒழிந்து மண்டேலா அதிபரானார். ஆயினும் வாணிகத்தில் பழைய வழக்கம் முற்றும் மாறவில்லை. உலகின் கொக்கோவில் பாதிக்குமேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. சாக்லெட்டின் பெரும் ஆதாயமோ ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களைச் சேருகிறது. இதனை மாற்றவே, கண்டத்து நாடுகள் தமக்குள் தடையின்றி வாணிகம் செய்யும் உடன்படிக்கையை 2021 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்துள்ளன.

இளைஞர்களே! நம் இரவுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஓர் உலகப் படம் தொங்கட்டும். நம் மணிலா எங்கே போகிறது, விலையை யார் வைக்கிறார் என்பதைக் கணக்கிடப் பழகுங்கள். வணிகவியலும் சட்டமும் பொருளியலும் நமக்கு எட்டாதவை என்று எண்ணாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் தம்பிமார் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தபின் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் முன்னோர்க்கு நாம் செய்யும் கடமை அதுவே.