மண் ஊராருடையது, பூட்டு வாஷிங்டனுடையது

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு உங்களுடையது. பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. வரி கட்டுவதும் நீங்களே. கொல்லையில் ஒரு பாழுங்கிணறு. அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஓடியாடும் இடமாயிற்றே என்று அஞ்சி, அதனைத் தூர்த்துவிட மண்வெட்டியும் கையுமாகப் புறப்படுகிறீர்கள். அப்போது ஆயிரம் காதத்துக்கு அப்பாலிருந்து ஓலை வருகிறது: "தூர்க்காதே! அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப முன்னொரு நாள் பணம் தந்தவன் நான். என் இசைவின்றி ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது!" கதைக்கு ஆகும், நடப்புக்கு ஆகுமோ என்று கேட்பீர்கள்.

நடந்திருக்கிறது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துக் கடலோரத்தில், சாண்டா மோனிகா என்னும் நகரத்தில். அங்கே கிணற்றுக்குப் பதில் விமான நிலையம். பரப்பு 227 ஏக்கர்.

அந்த மண்ணின் பெருமை சிறிதன்று. 1924-ல் உலகை முதன்முதலாக வானில் வலம் வந்த அமெரிக்க விமானங்கள், டக்ளஸ் தொழிற்சாலையின் கைவண்ணங்கள், அந்தத் திடலிலிருந்துதான் எழும்பின. 1926-ல் நகரம் நிலத்தை விலை கொடுத்து வாங்கிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கூட்டாட்சி அரசு திடலைக் குத்தகைக்கு எடுத்தது. எதிரியின் குண்டுக்குத் தப்ப, ஹாலிவுட் காட்சியமைப்பாளர்களின் துணையோடு தொழிற்சாலையின் மேலே வலை விரித்து, அதன்மீது பொய் வீடுகளையும் பொய் மரங்களையும் நிறுத்தினார்கள்! திரைச்சீலையில் தெருவை வரைந்து வைத்து வசனம் பேசும் எங்களைப் போன்ற நாடகக்காரர்களுக்குப் பொறாமை வராமல் என்ன செய்யும்?

போர் முடிந்தது; பொய் வீடுகள் போயின. மெய் வீடுகளோ நெருங்கி நின்றன. ஓடுபாதையின் முனையிலிருந்து ஏறத்தாழ 300 அடியில், அடுப்பு எரியும் வீடுகள், தொட்டில் ஆடும் வீடுகள்.

குத்தகை நிலம் ஊராரிடம் திரும்பியபோது, 1948-ல், ஒரு பத்திரம் எழுதப்பட்டது. நிலம் விமான நிலையமாகவே நடத்தப்பட வேண்டும். தவறினால் கூட்டாட்சி அரசு அதனை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாமாம்! குடக்கூலிக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது, "இதைச் சமையலறையாகவே வைத்திரு, மாற்றினால் வீடு எனது" என்று எழுதி வாங்கிய விந்தை அது. நகரத்தார் பின்னாளில் நீதிமன்றத்தில் எழுப்பிய வினாவும் இதுவே: உங்களிடம் இருந்தது குத்தகைதானே, உரிமை எங்கிருந்து வந்தது?

அதன்மேல் மானியம் என்னும் இரண்டாம் பூட்டு. ஓடுபாதையைச் செப்பனிட மத்திய நிதி வாங்கினால், அதனோடு நிபந்தனைகளும் வரும். 1984-ல் நகரமும் விமானத் துறையும் செய்துகொண்ட உடன்படிக்கை 2015 வரை என்றது. 2015 வந்தது. "2003-ல் மானியம் வாங்கினீர்களே, ஆகவே 2023 வரை கட்டுப்பட்டவர்கள்" என்றது துறை. கையில் விழுந்த காசு காலில் விலங்காயிற்று.

ஜெட்டுகள் வந்த பிறகே அச்சம் பெருத்தது. 1920-களின் சிறு விமானங்களுக்கென்று அமைந்த திடல் அது. இரு முனைகளிலும் தடுமாறும் விமானம் ஓடி நிற்கப் போதிய வெற்றிடம் அப்போது இருக்கவில்லை. 2008-ல் நகரமன்றம் விரைவுமிகு ஜெட் வகைகளுக்குத் தடை விதித்தது. கூட்டாட்சி விமானத் துறை அதனை மறுத்தது. 2011-ல் முறையீட்டு நீதிமன்றமும் துறையின் பக்கமே நின்றது.

இதனை மேடையேற்றினால் வசனம் இப்படித்தான் அமையும்:

நகரம்: ஐயா, ஓடுபாதை முடிகிற இடத்தில் வீடு தொடங்குகிறது.

துறை: வாடிக்கையாளரிடையே வேற்றுமை காட்டலாகாது.

நகரம்: விமானம் தவறி ஓடினால்?

துறை: மானியப் பத்திரத்தைப் படித்துப் பார்.

துறையின் கட்சியில் ஒன்றுமேயில்லை என்று நான் சொல்லவில்லை. வானம் ஒரு வலை. ஊர் ஊராக முடிச்சை அவிழ்த்தால் வலை கிழியும். வீடுகளில் பலவற்றுக்கு முன்பே திடல் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் வலையைக் காக்க வாஷிங்டனில் ஓர் அலுவலகம் இருக்கிறது. முனையில் இருக்கும் தொட்டிலுக்குப் பொறுப்பு யார்? ஊர்மன்றம்தான். பொறுப்பு ஓரிடம், அதிகாரம் வேறிடம் என்றிருந்ததே நோயின் வேர்.

2013 செப்டம்பர் 29 அன்று, தரையிறங்கிய ஒரு ஜெட், ஓடுபாதையை விட்டு விலகிக் கொட்டகையொன்றில் மோதிற்று. கூரை சரிந்து தீ மூண்டது. உள்ளே இருந்த நால்வரும் மாண்டனர். 2015 மார்ச்சில், திரை நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய பழைய விமானம் எழும்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் பழுதுற்றுப் பக்கத்துக் கோல்ஃப் திடலில் விழுந்தது. அவர் காயத்தோடு பிழைத்தார். புல்வெளி இருந்ததால் புல்வெளியில் விழுந்தது. கூரை இருந்திருந்தால்?

இவ்விரண்டுக்கும் இடையே, 2014 நவம்பரில், மக்கள் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். நிலையம் மூடப்படும் நாளில் அந்நிலம் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் பொழுதுபோக்குக்குமே உரியது, வேறு எதற்கென்றாலும் எங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். விமான உலகத்தார் கொண்டுவந்த எதிர்த் தீர்மானத்தைத் தள்ளினார்கள்.

2017 சனவரி 28 அன்று உடன்பாடு பிறந்தது. 2028 டிசம்பர் 31 வரை நிலையம் இயங்கும். பின்னர் மூடிக்கொள்ள நகரத்துக்கு உரிமை. அதற்கு முன்பே, 4,973 அடி ஓடுபாதையை 3,500 அடியாகக் குறுக்கிக்கொள்ளலாம். நகரமன்றம் நான்குக்கு மூன்று என்ற வாக்கில்தான் இதனை ஏற்றது. பதினொரு ஆண்டுக்கு மேல் காத்திருப்பதா என்று ஊராரில் பலர் கொதித்தார்கள். நானாக இருந்தாலும் கொதித்திருப்பேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஏனெனில் அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஓடுபாதை குறுகிற்று. 2008-ல் சட்டம் போட்டு நிறுத்த முடியாத பெரிய ஜெட்டுகளுக்கு, 3,500 அடி போதவில்லை. சிறியவை வருகின்றன, போகின்றன. நீளம் எவரிடமும் வேற்றுமை காட்டுவதில்லை!

1948-ன் பூட்டு, பாதுகாப்புக் கேட்ட மனுவுக்குத் திறக்கவில்லை; வழக்குக்கு மேல் வழக்கு வந்து, இனி இழுப்பதில் பயனில்லை என்ற நிலை வந்தபோதே திறந்தது. மூடியபின் 227 ஏக்கரையும் பூங்காவாகவே விடுவதா, ஒரு பகுதியில் குடியிருப்பு எழுப்பலாமா என்று நகரத்தில் வாக்குவாதம் எழுந்திருக்கிறது. குடியிருப்பு வேண்டுமென்றால், 2014-ல் அவர்களே எழுதி வைத்தபடி, மீண்டும் வாக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.