பர்ரன் கல்வெளியும் அதன் காவலரும்



இந்த ஆண்டு விழாவில் உங்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். கப்பலும் வேண்டா, விமானமும் வேண்டா. சற்றே செவி கொடுத்தால் போதும். ஐரோப்பாவின் மேற்கு எல்லையில் அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் மோதும் தீவு அயர்லாந்து. அதன் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தின் வடபகுதியில், பர்ரன் என்னும் மேட்டுநிலம் உளது. அந்நாட்டு ஐரிஷ் மொழியில் அப்பெயருக்குக் கற்கள் நிறைந்த இடம் என்பது பொருள்.

பெயர் பொய்க்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் பாறையே விரிந்து கிடக்கின்றது. குன்றுகள் படிக்கட்டுகள் போல அடுக்கடுக்காக உயர்கின்றன. 1651ஆம் ஆண்டில் கிராம்வெல்லின் படைத்தலைவர்களுள் ஒருவரான லட்லோ இவ்வழியே சென்றார். மரமும் நீரும் மண்ணும் அற்ற நிலம் என்று கண்டு சலித்த அவர், அங்கு மேய்ந்த கால்நடைகள் கொழுத்திருந்ததைக் கண்டு வியந்தும் எழுதினார். வெறும் பாறையில் மாடு கொழுப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குரிய விடையே இன்றைய எம் பேச்சின் பொருள்.

முதலில் பாறையின் பிறப்பைக் காண்போம். ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலம் நிலநடுக்கோட்டின் அருகே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் இருந்தது. பவளங்களும் சிப்பிகளும் பிற உயிர்களும் மடிந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. பின்னர் வந்த பனியூழிகளில் பெரும் பனிப்பாளங்கள் அதன்மீது நகர்ந்து தேய்த்தன. உருகி மறைந்தபோது, தாம் சுமந்து வந்த உருண்டைப் பாறைகளை ஆங்காங்கே இறக்கிவிட்டுச் சென்றன. முல்லாக்மோர் என்னும் குன்றில் பாறையடுக்குகள் வளைந்து மடிந்து நிற்பதைக் காண்போர், மண்ணுலகின் வலிமையைக் கண்ணாரக் காண்கின்றனர்.

சுண்ணாம்புக்கல்லை மழைநீர் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஆகவே பாறைத் தளம் முழுவதும் ஆழ்ந்த வெடிப்புகள் ஓடுகின்றன. பெய்யும் மழை அவற்றின் வழியே கீழிறங்கி, நிலத்தடிக் குகைகளில் ஓடுகின்றது. நிலத்தின் மேற்பரப்பிலேயே ஓடிக் கடலை அடையும் ஆறு இங்கு காஹெர் ஒன்றேயாகும். டர்லாக் எனப்படும் விந்தையான ஏரிகளும் உள. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழுந்து ஏரியாகும். வறண்ட காலத்தில் அது வடிந்து போய்ப் புல்வெளியாகும். முன்பு நீர் நின்ற இடத்தில் பின்பு பசு மேயும்.

அவ்வெடிப்புகளே செடிகளுக்குத் தொட்டில். காற்றினின்றும் வெயிலினின்றும் காக்கப்பட்டு, அங்கே தேங்கிய சிறு மண்ணில் அவை வேரூன்றுகின்றன. ஆல்ப்ஸ் மலையில் மலரும் நீல ஜென்ஷியன், வடதுருவப் பகுதிக்குரிய வெண்ணிறத் திரியாஸ், மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய ஒருவகை ஆர்க்கிட் ஆகிய மூன்றும் ஒரே பாறைவெளியில் அண்டை வீட்டாராக வாழ்வது உலகில் அரிதினும் அரிது.

இதுவரை கூறியன யாவும் இயற்கையின் கைவண்ணம். ஆயினும் இந்நிலம் இவ்வாறு மொட்டையாக நிற்பதற்கு இயற்கை மட்டும் காரணமன்று. பண்டைக்காலத்தில் இங்குப் பைன் மரங்களும் ஹேசல் மரங்களும் வளர்ந்திருந்தன என்பதை மண்ணில் புதைந்த மகரந்தத் துகள்கள் காட்டுகின்றன. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வந்த உழவர் மரங்களை வெட்டினர், கால்நடைகளை மேய்த்தனர். காலப்போக்கில் மண் அரிக்கப்பட்டது; பாறை வெளிப்பட்டது. ஆதலின் பர்ரன், இயற்கையும் மனிதனும் சேர்ந்து எழுதிய நூல் எனலாம்.

அந்நூலின் முதல் ஏடு போல்னப்ரோன் என்னும் கல்திட்டையாகும். நிமிர்த்தி நட்ட கற்களின்மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு தட்டைப் பாறை சாய்வாக வைக்கப்பட்டுள்ளது. எகிப்தியப் பிரமிடுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மூப்புடையது இது. 1985ஆம் ஆண்டில் வாயிற்கல் ஒன்றில் பிளவு காணப்பட்டமையால், அதனைச் சீர்செய்யும் பணியோடு 1986லும் 1988லும் தொல்லியலாளர் ஆன் லிஞ்ச் அகழாய்வு நடத்தினார். முப்பதின்மருக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. கி.மு. 3800 முதல் 3200 வரை பல தலைமுறையினர் அங்கு அடக்கம் பெற்றிருந்தனர்.

எலும்புகள் பேசும் கதை உருக்கமானது. பெரியவர்களுள் மிகப் பலர் முப்பது வயதைத் தாண்டவில்லை. கழுத்திலும் தோளிலும் சுமை சுமந்த தேய்மானம் தெரிகின்றது. ஒருவரின் இடுப்பெலும்பில் கல்லம்பின் நுனி பதிந்திருந்தது. அக்கூட்டத்திடையே ஆறு மாதமளவே வாழ்ந்த ஆண் குழந்தை ஒன்றும் இருந்தது. 2020ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, அக்குழவி டவுன் சின்ட்ரோம் என்னும் பிறவி நிலையுடன் பிறந்ததென்று காட்டிற்று. தாய்ப்பால் அருந்தி வளர்ந்தமைக்கும் அதன் எலும்பில் சான்று உண்டு. அச்சிறு மகவுக்கும் அவ்வூரார் தம் பெருங்கல்லறையில் இடம் அளித்தனர். நாகரிகம் எப்போது தோன்றியது என்று வினவுவார்க்கு இதனினும் சிறந்த விடை உண்டோ?

போல்னப்ரோனைக் கடந்து சென்றால், பார்க்னபின்யாவிலும் கிளெனின்ஷீனிலும் ஆப்பு வடிவக் கல்லறைகள் காண்போம். அயர்லாந்தில் இவ்வகைக் கல்லறைகள் மிகச் செறிந்த பகுதிகளுள் பர்ரனும் ஒன்று. கிளெனின்ஷீனில் 1932ஆம் ஆண்டு, பாறை வெடிப்பு ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் பொன்னாலான கழுத்தணியை எடுத்தார். அது இன்று டப்ளின் அருங்காட்சியகத்தில் உளது. செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் மூன்று கல் மதில்களுடன் காஹெர்கொமான் கோட்டை நிற்கின்றது. அதனை 1934இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்தாய்ந்தனர்.

நம் தமிழகத்திலும் கிருஷ்ணகிரிப் பகுதியின் மல்லச்சந்திரம் முதலிய இடங்களில் கல்திட்டைகள் உள்ளனவே, இரண்டும் ஓரினத்தார் வேலையோ என்று சிலர் வினவக்கூடும். அன்று. நம் பெருங்கற்சின்னங்கள் இரும்புக் காலத்தவை. போல்னப்ரோனுக்குக் காலத்தால் மிகப் பிந்தியவை. உருவ ஒற்றுமை கொண்டு உறவு கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது. ஆயின் மக்கள் மனம் எங்கும் ஒன்றே என்பதற்குச் சான்று உண்டு. நம்மவர் இவற்றைப் பாண்டவர் இருப்பிடம் என்றனர். ஐரிஷ் மக்கள், தம் பழங்கதைக் காதலரான டியர்மெடும் கிரானியாவும் துயின்ற படுக்கைகள் என்றனர்.

இனி, லட்லோ கண்ட கொழுத்த மாடுகளுக்கு வருவோம். பிறநாட்டு மலைவாணர் கோடையில் மாடுகளை மேலே ஓட்டுவர். பர்ரன் உழவரோ குளிர்காலத்தில் ஓட்டுகின்றனர். பாறை கோடையின் வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றது. கால் வைக்கும் இடம் ஈரமின்றி இருக்கின்றது. ஊற்றுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. மாடுகள் பழம்புல்லை மேய்ந்து அகற்றுவதால் வசந்தத்தில் மலர்கள் வெளிச்சம் பெற்று மலர்கின்றன. மேய்ச்சல் குறைந்த இடங்களில் ஹேசல் புதர் படர்ந்து மலர்களையும் பழஞ்சின்னங்களையும் மூடிவிடும். இதனை உணர்ந்து 2005 முதல் 2010 வரை உழவரும் அறிஞரும் ஒன்றுகூடி ஒரு திட்டம் நடத்தினர்; அதனைத் தொடர்ந்து, புல்வெளியின் நலத்தை அளந்து உழவருக்கு அதற்கேற்ற ஊதியம் வழங்கும் முறை வந்தது.

இவ்விடத்துக்கு நேர்ந்த இடர்களையும் சொல்ல வேண்டும். 1991ஆம் ஆண்டில் முல்லாக்மோர் குன்றின் அருகே அரசு பயணியர் மையம் ஒன்றை எழுப்ப முனைந்தது. வேலைவாய்ப்பு வரும் என்று ஊராரில் ஒரு சாரார் வரவேற்றனர். நிலம் கெடும் என்று மறுசாரார் எதிர்த்தனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1993இல் வேலை நின்றது. 2000ஆம் ஆண்டில் திட்டமிடல் வாரியம் இறுதியாக அனுமதி மறுத்தது.

மற்றோர் இடர் நம்மைப் போன்ற பயணிகளால் விளைவது. போல்னப்ரோனைக் காண வருவோர், அழகென்று எண்ணி, தளத்துக் கற்களைப் பெயர்த்துச் சிறு சிறு கல்திட்டைகள் அடுக்குகின்றனர். தீய எண்ணம் சிறிதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு கல் அசையும்போதும் அதன் நிழலில் வாழ்ந்த செடியும் பூச்சியும் வீடிழக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் கலையாதிருந்த தளம் கலைகின்றது.

அன்பர்களே! அக்கல்வெளி நமக்கு உணர்த்துவது இதுவே. ஆளில்லாமல் வேலியிட்டுப் பூட்டினால் அது புதராகும். கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டால் சிதையும். அங்கே வாழ்வோர் தம் தொழிலை அளவறிந்து செய்வதும், வருவோர் கையடக்கத்துடன் கண்டு மீள்வதுமே அதற்குக் காவல். நம் காலனிக் குழந்தைகள் விடுமுறைச் சுற்றுலாவில் கோட்டைகளையும் குகைகளையும் காணச் செல்கின்றனர். சுவரில் பெயர் பொறிக்காமலும் நினைவுக்கென்று ஒரு கல்லும் எடுக்காமலும் திரும்ப அவர்களைப் பெற்றோர் பழக்குவார்களாயின், இப்பேச்சு பயன் பெற்றதாகும்.