மரையும் சன்னமும்

'எல்க்' என்னும் ஆங்கிலப் பெயர் ஐரோப்பாவில் ஒரு விலங்கையும் அமெரிக்காவில் வேறொரு விலங்கையும் குறிக்கும். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ அப்பெயரை இந்நாட்டு மரைக்குச் சூட்டினர். வன்னிக் காடுகளில் வாழும் மான் இனங்களுள் மரையே மிகப் பெரியது. நன்கு வளர்ந்த கலைமரை 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுடையது. தடித்த தோலும் வலிய தோள் எலும்பும் அதன் நெஞ்சுக்குக் கவசமாய் அமைந்துள்ளன.

இத்தகைய விலங்கை நோக்கிச் செல்லும் சன்னத்துக்கு இரண்டு பண்புகள் வேண்டும். ஒன்று நிறை, மற்றொன்று உறுதி. நிறை குறைந்த சன்னம் எலும்பில் பட்டதும் விரைவில் வேகம் இழந்துவிடும். உறுதி குறைந்ததோ தோளிலேயே சிதறி, இதயத்தையும் நுரையீரலையும் எட்டாது நின்றுவிடும். மிகக் கடினமான சன்னம் சிறிதும் விரியாமல் ஊடுருவிப் போய்விடக்கூடும். இம்மூன்றின் விளைவும் ஒன்றே: காயமுற்ற விலங்கு புதருக்குள் மறைந்து, நெடுநேரம் துன்புற்று மடியும்.

நுவரெலியாவில் வாழ்ந்து 1855இல் இலங்கையை விட்டுச் சென்ற சாமுவேல் பேக்கர் மலைநாட்டில் மரையை நாய்களைக் கொண்டும் கத்தியைக் கொண்டும் வேட்டையாடியவர். 1890இல் வெளியிட்ட நூலில் அவர் உள்ளீடற்ற இலேசான குண்டுகளைக் கண்டித்து, 648 கிரெயின், அதாவது ஏறத்தாழ 42 கிராம், நிறையுள்ள தூய ஈயக் குண்டைப் பரிந்துரைத்தார். குண்டு உடலுள் விரிந்து, மறுபுறத் தோலின் கீழ் தங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

வேகம் மிகுந்த புதிய துப்பாக்கிகள் வந்தபின் இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. 1946இல் கனடாவில் பெருமான் ஒன்றின் தோளில் தம் சன்னங்கள் பயனற்றுப் போகக் கண்ட ஜான் நோஸ்லர், நடுவே செம்புத் தடுப்புடைய சன்னத்தை உருவாக்கினார். அதன் முன்பாதி விரியும். பின்பாதி குலையாது உட்செல்லும். அமெரிக்க எல்க் வேட்டையில் 180 கிரெயின் அளவான சன்னங்கள் பெரிதும் வழங்குவதும், முழுச் செம்பாலானவை விரும்பப்படுவதும் இக்காரணம் பற்றியே.

வன்னியில் வழங்கிய துவக்குகளுள் ஒன்று தோட்டாத் துவக்கு. அதன் எஸ்.ஜி. குண்டுகள் எட்டுச் சேர்ந்தாற்றான் ஓர் அவுன்ஸ் ஆகும். ஒவ்வொன்றும் 55 கிரெயின் அளவே. உருண்டை வடிவாதலின் அவை தூரம் செல்லச் செல்ல விரைவாய் வலுவிழக்கும். அருகில் கொல்லவல்ல வெடி, தொலைவில் மரையைப் புண்படுத்துவதோடு நின்றுவிடும். விலங்கின் பாதையில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு இதனினும் கொடியது. அதற்குத் தூரமும் தெரியாது, இலக்கும் தெரியாது. கால் தட்டியது மரையாயினும் விறகுக்குச் சென்ற மனிதராயினும் அது வெடித்தே தீரும்.

இன்று 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மரையைக் காக்கின்றன. உலக அளவிலும் அது அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆதலின் வன்னியில் மரைக்கேற்ற சன்னம் எது என்னும் வினாவுக்கு இடமில்லை. எனினும் சன்னத்தின் இயல்பை அறிந்தோர்க்கு ஓர் உண்மை புலனாகும்: குறி தவறிய ஒரு வெடியின் கணக்கு, வெடித்த இடத்தோடு முடிந்துவிடுவதில்லை, அது காட்டுக்குள் குருதித் தடமாய்த் தொடர்கிறது.