கோத்த கைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், சிதம்பரத்தில் ஆற்றிய உரை)

 

கவிதை பேசும் மேடையில் சடுகுடு பேச வந்திருக்கிறேன். பொருந்துமா என்று ஐயுற வேண்டா. எதிரணியின் எல்லைக்குள் நுழைபவர் பாடிக்கொண்டே நுழைய வேண்டும் என்று விதித்த ஆட்டம் இது. நம் சிற்றூர்களில் இன்றும் ‘பாடிப் போகிறான்’ என்றுதான் சொல்கிறார்கள். பாட்டு அறுந்தால் ஆள் வெளியே. மூச்சையே யாப்பாகக் கொண்ட இந்த ஆட்டம் கவிஞர்களுக்கு உறவுமுறைதான்.

ஆயினும் இன்று நான் பேச விரும்புவது பாடிச் செல்பவரைப் பற்றியன்று. அவரை எதிர்கொண்டு கைகோத்து நிற்பவர்களைப் பற்றி. ‘கைப்பிடி’ என்ற சொல்லே ‘கபடி’ ஆயிற்று என்று நம் மேடைகளில் சொல்வதுண்டு. அந்தச் சொல்லாராய்ச்சியை அறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆட்டத்தின் உயிர் அந்தக் கைப்பிடியில் இருக்கிறது என்பது மட்டும் களத்தில் நின்று பார்த்தாலே விளங்கும்.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோட்டுக்கு ஒருபுறம் எழுவர் வில்போல் வளைந்து நிற்பார்கள். இரு ஓரங்களிலும் நிற்பவர்களைக் கார்னர் என்கிறோம். ஒவ்வொரு கார்னரின் கையையும் பக்கத்தில் நிற்பவர் பற்றியிருப்பார். ஓரத்தில் நிற்பவர் கணுக்காலை நோக்கிப் பாய்வார். பற்றியிருப்பவர் அவரைச் சரியான நொடியில் முன்னே விடுவார், தவறிய நொடியில் பின்னே இழுப்பார். முன்னே பாய்ந்தவரின் துணிவில் பாதி, பின்னே பிடித்திருப்பவரின் கையில் இருக்கிறது.

கைகோத்தலுக்கு ஒரு குறையும் உண்டு. கோத்த கை பிடிக்க உதவாது. கோத்த கைகளுக்குக் கீழே ஓர் இடைவெளியும் பிறக்கிறது. அந்த இடைவெளியைக் கண்டவர்களே தாக்குதல் கலையை வளர்த்தார்கள். சங்கிலிக்கு அடியில் குனிந்து புகுந்து நடுக்கோட்டை அடையும் உத்தியை வடநாட்டார் ‘டுப்கி’ என்பர். முழுகி எழுதல் என்பது பொருள். பர்தீப் நர்வால் என்ற அரியானா வீரர் இதில் பெயர் பெற்றவர். 2017-ஆம் ஆண்டுப் புரோ கபடித் தொடரில் அவர் பாடிச் சென்று எடுத்த புள்ளிகள் 369. குனிந்து காலைப் பற்ற வருபவரின் முதுகைத் தாண்டிக் குதிக்கும் தவளைப் பாய்ச்சலும் இவ்வாறே பிறந்தது. தடுப்பவர் நிமிர்ந்திருந்தால் அந்தப் பாய்ச்சல் எங்கே? சங்கிலி இல்லையேல் முழுகி எழும் கலை எங்கே? தாக்குதலின் ஒவ்வொரு புதுமையும் தடுப்பு எழுப்பிய வினாவுக்குச் சொன்ன விடையே.

விதிகளும் இந்த வினா விடையில் சேர்ந்துகொண்டன. ஆழமாக உள்ளே வந்து போனஸ் கோட்டைத் தாண்டினால் புள்ளி உண்டு; ஆனால் தடுப்பவர் அறுவரேனும் களத்தில் இருக்க வேண்டும். பாடிச் செல்பவருக்கு 30 நொடிதான். இருமுறை தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். மூவரோ அதற்குக் குறைவானவரோ நின்று பிடித்துவிட்டால் இரண்டு புள்ளி. சங்கிலி அறுந்து சிலரே எஞ்சிய நிலையையும் ஆட்டம் மதிக்கிறது என்பதே இதன் பொருள்.

கடல் கடந்து ஓர் ஒப்புமை காண்போம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவருக்கு முன்னே ஐவர் அரணாக நிற்கிறார்கள். நம் சங்கிலி தாக்குபவரை எதிர்க்கிறது. அவர்கள் அரண் தாக்குபவரைக் காக்கிறது. அங்கும் ஒரு காலத்தில் கைகோத்து ஆடினார்கள். 1892-இல் ஹார்வர்டு மாணவர்கள் ஆப்பு வடிவில் திரண்டு பாயும் உத்தியைக் கொண்டுவந்தார்கள். உடல்கள் நொறுங்கின; இரண்டே ஆண்டில் அது தடை செய்யப்பட்டது. ஆயினும் திரள் மோதல்கள் ஓயவில்லை. 1905-இல் இளைஞர் பலர் களத்தில் உயிரிழந்த பின், மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் கொடுத்தது. 1910-இல் கைகோத்து அரணமைப்பதும் விலக்கப்பட்டது. 1978-இல் அரணில் நிற்பவர்கள் கைகளை நீட்டி விரித்துத் தடுக்கலாம் என்று தொழில்முறை ஆட்டத்தில் விதி தளர்ந்தது. எறிபவருக்கு நேரம் கிடைத்தது. எறிதல் ஆட்டம் தழைத்தது. புகழ் எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் போயிற்று. அரணில் நிற்பவரின் பெயரோ, பெரும்பாலும் அவர் விதி மீறும்போதுதான் ஒலிபெருக்கியில் கேட்கிறது.

நம் தமிழகத்துக்கு வருவோம். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி, பவன் செராவத் என்ற தாக்குதல் வீரரை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயமுற்று வெளியேறினார். ‘இனி இந்த அணி அவ்வளவுதான்’ என்றார்கள். நடந்தது வேறு. நரேந்தர் என்ற இளைஞர் பாடிச் செல்லும் பொறுப்பை ஏற்றார். சாகர், சாகில் முதலியோர் ஓரங்களைக் காத்தார்கள். அந்த அணி முதன்முறையாக அரையிறுதிக்கு வந்தது அந்த ஆண்டில்தான். விலைமதிப்புள்ள ஒருவர் இல்லாதபோதும் கோத்த கைகள் அணியைத் தாங்கின.

தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் இன்னொரு சான்று. தடுப்பாட்டக்காரர். நாற்பது வயதைக் கடந்த பின்னும், 2016-இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார். தாக்குபவரின் கால் தளரும் வயதிலும் தடுப்பவரின் கண் தளர்வதில்லை.

அன்பர்களே, ஒரு பிடியில் நால்வர் விழுகிறார்கள். முழங்கை தேய்கிறது, தோள் விலகுகிறது. புள்ளியோ முதலில் பற்றியவரின் பெயரில் எழுதப்படுகிறது. பொங்கலையொட்டி நம் ஊர்களில் நடக்கும் ஆட்டங்களில் அந்த எழுத்துகூட இல்லை. பாடிச் சென்று வென்றவரின் பெயரை ஊர் இரண்டு தலைமுறை சொல்லும். கைகோத்து நின்றவரின் பெயர் அவர் வீட்டு வாசலோடு நின்றுவிடும். எழுதுகோல் பிடித்த நாம் இதைச் சரிசெய்யலாம். கெடிலக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் உள்ள ஊர்களுக்குச் சென்று, முதிய ஆட்டக்காரர்களைக் கண்டு, எழுவரின் பெயரையும் எழுதுங்கள். அவர்கள் பாடிச் சென்ற பாட்டுகளையும் எழுதுங்கள். களமெங்கும் ‘கபடி’ என்ற ஒற்றைச் சொல்லே போதும் என்று விதி வந்த பின், அப்பாட்டுகள் முதியோர் நினைவில் மட்டுமே ஒதுங்கியிருக்கின்றன.

இந்த வட்டத்துக்கும் பத்தாண்டு ஆயிற்று. இங்கே பாடிச் சென்ற கவிஞர்களின் பெயர்கள் இம்மலரில் இருக்கும். அழைப்பிதழ் எழுதியவர், நாற்காலி போட்டவர், கேட்பவர் ஐவரே என்றாலும் வந்து அமர்ந்தவர் ஆகியோரின் பெயர்களும் இதில் இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.