பக்கத்து இருக்கைத் தோழன்



மே மாதம் பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் இருவகை வெப்பம் உண்டு. ஒன்று வெயிலின் வெப்பம். மற்றொன்று தேர்வு முடிவின் வெப்பம். முன்னாளில் முடிவு வெளியாகும் நாளன்று, பத்திரிகை வாங்குவதற்காக லஸ் முனையில் விடியற்காலையிலேயே இளைஞர் கூட்டம் நிற்கும். தன் எண் அச்சாகியிருந்தால் தேறியவன், இல்லையேல் தவறியவன். தவறியவனின் தோளில் கை போடுவதற்கு அந்தக் கூட்டத்திலேயே ஒருவன் இருப்பான். இன்று அந்தக் கூட்டம் இல்லை. வீட்டின் ஒரு மூலையில், கைப்பேசியில், தன்னந்தனியாக முடிவைத் தெரிந்துகொள்கிறான் மாணவன். காத்திருக்கும் வேதனை குறைந்தது உண்மையே. ஆனால், தோளில் கை போடும் தோழனும் அங்கே இல்லாமற் போனான்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. தேசியக் குற்றப் பதிவு அமைப்பின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல் ஆகிறது. தேர்வுத் தோல்வி ஒன்றே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மனச்சோர்வு என்னும் நோய், வீட்டில் ஓயாத பூசல், கடன், அவமானம், தனிமை எனப் பல இழைகள் சேர்ந்தே இந்தக் கயிறு முறுக்கேறுகிறது. அவற்றுள் ஓரிழையை நாம் தளர்த்தினாலும் ஓர் உயிர் மூச்சு விடும்.

என்னுடைய பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆசிரியனாக இருந்தவன். ஒரு நாள் பிற்பகல், விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் அமர்ந்து வந்த மாணவன் ஒருவன், சில மாதங்களாகக் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிட்டவன், என் அறைக்கு வந்தான். என்னிடம் இரவல் வாங்கியிருந்த இரண்டு நூல்களை நீட்டினான். “ஐயா, இவை இனி எனக்குத் தேவைப்படமாட்டா. இதுவரை நீங்கள் செய்தவற்றுக்கெல்லாம் நன்றி” என்றான். நான் தலை நிமிரவில்லை. “மேசைமேல் வைத்துவிட்டுப் போ” என்றேன்.

அவன் போனான். அவன் சொன்னதை வாயிலில் நின்ற மற்றொரு மாணவன் கேட்டான். எனக்கு உறைக்காதது அவனுக்கு உறைத்தது. பின்தொடர்ந்து சென்று, பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்தான். நாகேசுவர ராவ் பூங்காவுக்கு அழைத்துச் சென்று ஒரு பெஞ்சில் அமர்த்தினான். சுற்றி வளைக்காமல் கேட்டான்: “உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?”

நெடுநேரம் மௌனம். பிறகு, “ஆம்” என்ற ஒரு சொல்லும் அழுகையும் வந்தன. தோழன் அறிவுரை கூறவில்லை, “உனக்கென்ன குறை?” என்று கடிந்துகொள்ளவும் இல்லை. இருட்டும் வரை அருகில் அமர்ந்து கேட்டான். பின்னர் அவனுடைய அக்காவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னான். அவர் வந்து சேரும் வரை அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் மருத்துவரிடம் மூவரும் சென்றனர். சிகிச்சை எளிதாக இல்லை; மாதங்கள் பிடித்தன. இன்று அந்த மாணவர் அடையாற்றில் குடும்பத்துடன் வாழ்கிறார். ஒவ்வொரு பொங்கலன்றும் என்னைப் பார்க்க வருகிறார். அவர் வாயிலில் நின்று, “ஐயா” என்று அழைக்கும்போதெல்லாம் நான் தலை நிமிர்ந்து பார்க்கிறேன்.

தோழனிடம் பிற்காலத்தில் ஒரு நாள் கேட்டேன்: “இப்படிக் கேட்க வேண்டும் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” அவன் சொன்னான்: “பள்ளியில் படிக்கும்போது தொண்டர் ஒருவர் வந்து பேசினார், ஐயா. ஐயம் வந்தால் அஞ்சாமல் நேராகக் கேளுங்கள் என்றார். அது நினைவில் இருந்தது.” ஒரு மணி நேரப் பேச்சு, பல ஆண்டுகள் கழித்து ஓர் உயிர்! பயிற்சி என்பதன் பொருளை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

சாதாரண மனிதர் ஒருவர் பொறுமையுடன் கேட்பதற்கு இவ்வளவு ஆற்றல் உண்டா? 1953-ஆம் ஆண்டில் இலண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், வாழ்வில் நம்பிக்கை இழந்தோர் தம்மை அழைப்பதற்காகத் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கினார். நேரில் வந்து காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்து, அவர்கள் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவ்வாறு மனம் விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைக் காணாமலேயே ஆறுதல் பெற்றுத் திரும்பினர். கேட்பதே மருந்தின் முதற்பகுதி என்பது அங்கே வெளிப்பட்டது.

அந்த நெறியில் நம் சென்னையிலும் ஒரு விளக்கு எரிகிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டில் ‘சிநேகா’ என்னும் அமைப்பை நிறுவினார். மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையே, இராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பணியாற்றிவரும் அமைப்பு அது. அழைப்பவர் பேச, பயிற்சி பெற்ற தொண்டர் கேட்பார். அவ்வளவே அதன் வேலை. ஆயினும் எளிய வேலை அன்று.

கேட்பதோடு அவர்கள் நின்றுவிடவும் இல்லை. ஒரு காலத்தில் பொதுத்தேர்வில் ஒரே பாடத்தில் தவறியவனும் சில மாதங்கள் கழித்தே மறுபடி எழுத முடியும், அதற்குள் கல்லூரிக் கதவு மூடிவிடும், ஓராண்டு வீணாகும். இந்த நிலையை மாற்றவேண்டும் என்று அரசிடம் அவ்வமைப்பு வற்புறுத்தியது. முடிவு வெளியான சில வாரங்களுக்குள் துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரும் வாய்ப்பு இன்று தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இருக்கிறது. தவறியவனுக்கு மறுகதவு ஒன்றைத் திறந்து வைப்பதும் உயிர் காக்கும் வழியே அன்றோ!

இனி, கல்விக்கூடங்களில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். பொதுவாக இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் அபாய அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி அளிப்பது ஒன்று. மாணவர் அனைவரிடமும் வினாத்தாள் கொடுத்து, துயரில் இருப்போரை அறிந்து மருத்துவரிடம் அனுப்புவது மற்றொன்று. இரண்டும் நல்லவை போலவே தோன்றுகின்றன. ஆனால் நல்லதாகத் தோன்றுவது வேறு. சோதித்து அறிவது வேறு.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடையே இதைச் சோதித்தார்கள். 2015-ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, சிலவற்றில் வினாத்தாள், சிலவற்றில் மாணவர்களுக்கே பாடம். எஞ்சியவற்றில் சுவரொட்டிகள் மட்டும். மாணவர்களுக்கான பாடத்தில் சொற்பொழிவைவிட நடிப்பும் உரையாடலுமே மிகுதி. மனத்துயர் எப்படி வரும், தோழனுக்கு வந்தால் என்ன செய்வது, யாரிடம் செல்வது என்பவற்றை அவர்களே நடித்தும் விவாதித்தும் கற்றனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்த மாணவரிடையே உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிகள், சுவரொட்டி மட்டும் வைத்த பள்ளிகளைக் காட்டிலும் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தன. ஆசிரியர் பயிற்சியும் வினாத்தாளும் தனித்து நின்றபோது அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

அவ்விரண்டும் வீண் என்பது இதன் பொருளன்று. பள்ளியில் கண் பரிசோதனை செய்கிறார்கள். பார்வைக் குறை உள்ளவனுக்குக் கண்ணாடி கொடுக்காமல் விட்டால், அந்தப் பரிசோதனையால் பயன் யாது? துயரத்தை வெளியிட்ட மாணவனைப் பெற்றுக்கொள்ள ஒரு மனிதர் இருந்தால்தான் வினாத்தாள் பயன் தரும். ஆசிரியருக்குப் பயிற்சியும் வேண்டும், தலை நிமிர்ந்து பார்க்கும் ஓய்வும் வேண்டும். ஆனால் முதலில் காண்பவர் நீங்களே. விடுதி அறையில் தூங்காமல் விழித்திருப்பவனை வார்டன் அறியமாட்டார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் அறிவான்.

ஆகவே, உங்களிடம் சில சொற்கள். எப்போதும் கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிப் போதல், உறக்கமும் உணவும் கெடுதல், நேசித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், “நான் எல்லாருக்கும் சுமை” என்று பேசுதல், விடைபெறுவது போல நன்றி சொல்லுதல் ஆகியவற்றைக் கண்டால் வேடிக்கை என்று விட்டுவிடாதீர்கள். தனியே அழைத்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது தவறான அச்சம். கேட்டவுடன் பாரம் இறங்குவதே பெரும்பாலும் நிகழ்கிறது. பேசும்போது குறுக்கிடாதீர்கள். “யாரிடமும் சொல்லாதே” என்று அவர் வேண்டினாலும் அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். நம்பத்தக்க பெரியவர் ஒருவர் வந்து சேரும் வரை தனியே விடாதீர்கள். மருத்துவரின் வேலையை நீங்கள் ஏற்கவேண்டுவதில்லை. மருத்துவர் வரையில் உடன் நடந்தால் போதும்.

போலீசுக்கு அஞ்சவும் வேண்டாம். உயிரை விட முயன்றவரைத் தண்டனைக்குரியவராகக் கருதாமல், கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும். பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி வேண்டும். உதவி எண்களை எல்லாரும் காணும்படி எழுதி வைக்கவேண்டும் என்பன அவற்றுட் சில. உங்கள் கல்லூரியில் இவை உள்ளனவா என்று பணிவுடன் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்க அரசு மனநலச் சேவையின் எண் 14416. சிநேகாவின் எண் 044-24640050. உங்களுக்கே அத்தகைய எண்ணம் வருமாயின், வெட்கப்படவேண்டாம், இன்றே அழையுங்கள். காய்ச்சல் கண்டவன் மருந்து கேட்பதில் என்ன வெட்கம்?

வள்ளுவர் நட்புக்கு ஓர் அதிகாரம் பாடி நிறுத்தவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அத்துணைப் பொறுப்பு வாய்ந்தது தோழமை. நாளை வகுப்பில் அமரும்போது உங்கள் பக்கத்து இருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். “எப்படி இருக்கிறாய்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும் வரை காத்திருங்கள்.