பெரிய மனசு யாருக்கு?

(வில்பட்டியில் நடந்த சுயமரியாதைத் திருமணத்தில் மணமகளின் தந்தை ஆற்றிய நன்றியுரை)



முதல் நன்றி, வராதவர்களுக்கு. பழனியிலும் வத்தலக்குண்டிலும் இருக்கிற சொந்தங்களுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். பெரியப்பா மகன் ஒருவர், "இ-பாஸ் கிடைக்கல தம்பி" என்றார். கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது 2024 மே மாதம். அதற்கு முன்பு இந்தக் கல்யாணம் நடந்திருந்தால் பாவம், வேறு காரணம் தேடி அலைந்திருப்பார். "அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் வேண்டாமே அண்ணே" என்றேன். "மலை ஏறினா வாந்தி வரும்" என்றார். வாந்தி வளைவால் வருகிறதா, மாப்பிள்ளை குடியிருக்கும் தெருவால் வருகிறதா என்று நான் கேட்கவில்லை. வயதில் மூத்தவர்.

என் அத்தை அப்படியில்லை. வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை 12 மணி எமகண்டமாச்சே? ஆமாம் அத்தை, அதனால்தான் மண்டபம் கிடைத்தது. ஐயர் எங்கே? இல்லை. தாலி? அதுவும் இல்லை. "அப்ப இது எப்படிடா செல்லும்?"

நியாயமான கேள்விதான். நீதிமன்றமே கேட்ட கேள்வி. 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். அதன்பின் எத்தனையோ பேர் அப்படி மணந்து பிள்ளை பெற்றார்கள். 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், இந்த முறை செல்லாது என்றது. நேற்றுவரை மனைவி, இன்று தாளில் யாருமில்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். அதற்கு முன்பு நடந்த திருமணங்களும் செல்லும். எனக்கு அந்த 'அல்லது' மேல் தனிப் பிரியம்.

இவ்வளவும் சொன்னேன். அத்தை கேட்டார், "எந்த அண்ணா? எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியில இருக்கிற அண்ணாவா?" ஆமாம் என்றேன். "அப்ப சரி." நாற்பது வருடம் பிரச்சாரம் செய்து நான் சாதிக்காததை ஒரு கொடி சாதித்துவிட்டது!

உண்மையில் இந்த மண்டபமே வேண்டாம் என்றுதான் மகள் சொன்னாள். வழக்கறிஞர் அலுவலகத்தில் முடித்துவிடலாம் என்றாள். 2023இல் உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டை எதிர்த்து மணப்பவர்கள் ஊரறியச் செய்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான். நான் ஒப்பவில்லை. பூண்டு மூட்டை ஏற்றினாலும் ஊரே வேடிக்கை பார்க்கிற வில்பட்டியில், என் மகள் கல்யாணம் மட்டும் ஒளிந்து நடப்பதா என்றேன். வீராவேசமாகத்தான் பேசினேன்.

அப்போது சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார்: "செய்யலாம் அண்ணா. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்கு யார் காவல்?"

இங்கிருந்து மலை இறங்கினால் பழனி. கௌசல்யாவின் ஊர். அதைத் தாண்டினால் உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே கௌசல்யாவின் கண்ணெதிரே சங்கரை வெட்டினார்கள். சங்கர் தலித். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார், பிழைத்தார். சங்கர் பிழைக்கவில்லை. சாதி மறுத்து மணந்த பெண்களையும் கொல்கிறார்கள்; இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் மகள் கல்யாணத்தால் என் வீட்டுக் கதவை யாரும் உடைக்கப்போவதில்லை. அதிகம் போனால் சொந்தக்காரர்கள் பேசமாட்டார்கள். அது பாதி நிம்மதி.

காலையிலிருந்து பலரும் என் கையைக் குலுக்கி, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்கிறார்கள். ஏதோ பெண்ணைத் தானம் கொடுத்தவனைப் போல. ஒருவர்கூட சம்பந்தியம்மாவிடம் போய் அப்படிச் சொன்னதாக நான் பார்க்கவில்லை. பயத்தை மடியில் கட்டிக்கொண்டு, தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக நடந்து வந்தவர் அவர். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே மனு எழுதியதும் அவர்தான். வாழ்த்துவோர் கொஞ்சம் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மொய் எழுதுகிறவர்கள் பெயருக்குப் பின்னால் சாதி வால் சேர்க்க வேண்டாம். எழுதுகிற தம்பி அடித்துவிடுவான், பணத்தை அல்ல. இ-பாஸ் கிடைக்காத அண்ணன் ஜிபேயில் 2,001 ரூபாய் அனுப்பியிருக்கிறார். வாங்கிக்கொண்டோம்.

நாளை திருமணத்தைப் பதிவு செய்யப் போகிறோம். சாட்சிக் கையெழுத்துக்கு ஒன்று சம்பந்தியம்மா. இன்னொன்றுக்கு நான் பேனாவை எடுத்துவைத்திருந்தேன், அத்தை பிடுங்கிக்கொண்டார்.