மேசை விளக்கும் வாசல் ஸ்விட்சும்



எங்கள் பெர்ன்ஹில்லில் மழைக்காலத்து மாலைகளில் மூடுபனி ஜன்னலை ஒட்டி வந்து நின்றுவிடும். வீட்டினுள் நுழைகிறவர் இருட்டில் தடுமாறாதிருக்க, வாசலருகே உள்ள ஸ்விட்சைத் தட்டியதும் அறை மூலையிலுள்ள மேசை விளக்கு எரிய வேண்டுமெனப் பலர் விரும்புகின்றனர். நியாயமான விருப்பந்தான். ஆகவே மூலையில் ஒரு ஸாக்கெட்டை அமைத்து, அதன் ஸ்விட்சை மட்டும் வாசலுக்குக் கொண்டு போகின்றனர். அந்த ஸாக்கெட் எத்தகையதாக இருக்க வேண்டும்?

கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டினால் போயிற்று என்பீர்கள். ஆனால் விளக்குக்கு வைத்த துளையில் விளக்கைத்தான் செருகுவார்கள் என்பதற்கு உறுதி என்ன? மலைநாட்டில் ஹீட்டர் இல்லாத வீடு குறைவு. பருவமழையில் கம்பளிச் சட்டை நாட்கணக்கில் உலராது. ஹீட்டருக்கு முன் நாற்காலியில் விரித்துப் போடுகிறோம். அந்த ஹீட்டர் விளக்கின் ஸாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஸ்விட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போகின்றனர். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை ஸ்விட்சைத் தட்டுகிறான். வெளிச்சம் வரவில்லை. பல்பு போய்விட்டது என்றெண்ணி, ஸ்விட்சை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். இங்கே ஹீட்டர் மெல்லச் சிவக்கிறது. சட்டை அதன் முன் தொங்குகிறது.

கணக்கும் இதையே சொல்லும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியரில் இருபத்தைந்தில் ஒரு பங்கையே இழுக்கும். 2000 வாட் ஹீட்டரோ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கு ஓடும் கம்பி பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர். பவர் பிளக்குக்கு 2.5 அல்லது 4.

பழைய பிரிட்டிஷ் உருண்டைக்கால் பிளக்குகளின் வழி வந்தவையே நம் பிளக்குகள். நாம் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று பேசுபவற்றை இன்றைய இந்தியத் தரம் 6, 16 என்கிறது. சிறியதன் கால் சுமார் 5 மில்லிமீட்டர் பருமன். பெரியதன் கால் 7. பெரிய பிளக் சிறிய துளையில் நுழையாது. எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தாலும் இதற்கு ஈடாகாது. பிரிட்டனில் 1947-க்குப் பின் சதுரக்கால் பிளக் பொதுவழக்கானது. எனினும் வாசல் ஸ்விட்சால் எரியும் மேசை விளக்குகளுக்கு மட்டும் பழைய 2 ஆம்பியர், 5 ஆம்பியர் உருண்டைக்கால் பிளக்குகளை இன்றும் அங்கே வைத்துக்கொள்கின்றனர். வேறு கருவி எதுவும் அதில் நுழையக்கூடாது என்பதே நோக்கம்.

நாமும் மேசை விளக்குக்கு 6 ஆம்பியர் மூன்றுகால் ஸாக்கெட்டையே கேட்டு வாங்க வேண்டும். சிறியது, பெரியது இரண்டையும் ஏற்கும் கூட்டு ஸாக்கெட் இவ்விடத்திற்கு ஆகாது. கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். ஒன்றை மறைக்கலாகாது: 1000 வாட் ஹீட்டர் சில 6 ஆம்பியர் பிளக்குடனேயே வருகின்றன. துளையின் அளவு அவற்றைத் தடுக்காது. ஆகையால் ஹீட்டருக்கென 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றை, ஸ்விட்ச் பக்கத்திலேயே இருக்குமாறு, கைக்கெட்டும் இடத்தில் அமைத்துவிடுங்கள். தனக்கென ஓரிடம் இருந்தால் ஹீட்டர் விளக்கின் இடத்தைத் தேடி வராது.

இரண்டுகால் ஸாக்கெட் மலிவுதான். ஆனால் பித்தளைத் தண்டுள்ள விளக்குக்கு எர்த் வேண்டும். ஈரம் பிடித்த சுவரும் தரையும் உள்ள எங்கள் ஊரில் இதில் சிக்கனம் பார்ப்பது மடமை. மூன்றுகால் பிளக்கில் எர்த் கால் மட்டும் நீளமாக இருப்பது, மற்ற இரண்டுக்கும் முன்னரே அது தொடர்பு கொள்ளத்தான்.

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று கேளுங்கள். வாசல் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஸாக்கெட்டின் துளைகளில் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எதிலும் அது மினுக்கக் கூடாது. மினுக்கினால் ஸ்விட்ச் பேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறதா என்று அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கூலியை அதன் பிறகு கொடுக்கலாம்.